கடலோர நடைக்குக் கிலோமீட்டர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர நடைப் பாதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைகளைப் படித்தோம். படங்கள் அருமை. எத்தனை கிலோமீட்டர், எந்த முனையில் சூரிய உதயம் நன்றாகத் தெரியும், எந்தக் கோட்டையை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் இருந்தது. கடல் நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்ற நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

மலைப்பாதை காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் கிடக்கும். கடலோரப் பாதை அப்படிக் கிடப்பதில்லை. காலை பத்து மணிக்கு அரை கிலோமீட்டர் அகல மணல்வெளியாக இருந்த இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு இடுப்பளவுத் தண்ணீர் நிற்கலாம். ஆபத்து மட்டுமல்ல, பறவைகள் எப்போது கிட்டே வரும், மணலில் புதைந்த கப்பலின் விலா எலும்புகள் எந்த நாளில் வெளியே தெரியும் என்பதும் அந்த ஏற்றவற்ற நேரங்களைச் சொல்லும் ஒரே அட்டவணையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடலோர நடையைப் பற்றி எழுதுவது, ரயில் நேரம் சொல்லாமல் ரயில் பயணத்துக்கு வழி சொல்வதைப் போன்றது.

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரம் இன்றைக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். (மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளில் நாளுக்கு ஒன்றே ஒன்றுதான்.) அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து நீர் மிக உயரமாக ஏறும், மிக ஆழமாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே மந்தம். இதெல்லாம் கடற்கரை ஊர்களில் சிறுவர்களுக்கும் தெரியும். நடக்க வருகிறவர்கள்தான் தவற விடுகிறார்கள்.

அவர்கள் தவற விடுவது பெரும்பாலும் வேகத்தை. ஆறு மணி நேரத்தில் ஏறும் நீர் மணிக்கு மணி சமமாக ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, 3, பிறகு 2, கடைசியில் 1. முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு “கடல் மெதுவாகத்தானே வருகிறது” என்று உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குகிறவர்களை அடுத்த இரண்டு, மூன்று மணி நேரம் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் பாதி நீர் ஏறிவிடும். சமதளமான சேற்றுவெளியில் அந்த நீர் கரையை நோக்கி நேராகவும் வராது. முதலில் ஓடைப் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு நமக்குப் பின்னால் சுற்றி வரும். முன்னே கடல் இன்னும் தூரத்தில் தெரியும்போதே பின்னே திரும்பும் வழி மூழ்கியிருக்கும். இங்கிலாந்தின் மோர்கம் குடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் அப்படித்தான் நீரில் சிக்கி இறந்தார்கள். அதே குடாவை நடந்து கடக்க வழிகாட்டி ஒருவரை நியமிக்கும் வழக்கம் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ஓடைகளும் புதைமணலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய தடத்தை நம்ப முடியாது.

அட்டவணை பார்ப்பதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, அதில் உள்ள நேரம் ஒரு துறைமுகத்துக்கு உரியது, நாம் நடக்கும் கரைக்கு அல்ல. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி உள்ள கழிமுகத்தில் நேரம் கணிசமாக மாறலாம். துணைத் துறைமுகங்களுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளில் சில அட்டவணைகள் பழைய நேரத்திலேயே அச்சாகின்றன. அங்கே ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள மறந்தால் கணக்கு முழுதும் பிசகும். மூன்றாவது வானிலை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். தாழ்வு மண்டலத்தோடு கரையை நோக்கிய காற்றும் சேர்ந்தால் அட்டவணை சொல்வதைவிட உயரமாகவும், சில வேளை முன்னதாகவும் நீர் வந்து நிற்கும். அட்டவணை சந்திர சூரியருக்கான கணக்கு. காற்றுக்கு அது பொறுப்பல்ல.

கணக்குப் போடும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறோம். செங்குத்துப் பாறைக்கு அடியில் 6 கிலோமீட்டர் மணல். நடுவில் மேலே ஏற வழி இல்லை. ஈரமான கெட்டி மணலில் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரம், நின்று பார்க்க ஒரு மணி நேரம், ஆக இரண்டரை மணி. வற்றம் காலை 11.40 என்றால் 9.40-க்கு, அதாவது நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்ப வேண்டும். 12.10-க்குள் அடுத்த முனையில் ஏறிவிடலாம், நீர் திரும்பி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். பாதி வழியான மூன்றாம் கிலோமீட்டரை 11 மணிக்குள் தொடவில்லை என்றால் யோசனையே வேண்டாம், திரும்பிவிட வேண்டும். “வற்ற நேரத்துக்குக் கிளம்பினால் போதும்” என்று நினைப்பதுதான் பொதுவான பிழை. வற்றத்தில் கிளம்புகிறவர் நடை முழுவதும் ஏறும் நீரோடுதான் நடப்பார்.

இந்தக் கணக்கோடு வரலாறும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்றைச் சொல்வதென்றால் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன். 635-ல் துறவி எய்டன் மடம் நிறுவிய தீவு. 793-ல் வட ஐரோப்பியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் அதைத் தாக்கினார்கள். கரையிலிருந்து அங்கே மணலின் குறுக்கே கம்பங்கள் நட்ட யாத்திரைப் பாதை சுமார் 5 கிலோமீட்டர். சிக்கிக்கொண்டவர்கள் ஏறி நிற்கக் கால்கள் மேல் நிற்கும் புகலிடப் பெட்டிகளும் நடுவில் உண்டு. அங்கே அறிவிக்கப்படும் பாதுகாப்பான நேரம் வாகனச் சாலைக்கானது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு மணலில் இறங்குகிறவர்கள்தான் பெட்டியில் ஏறி உட்கார நேர்கிறது. நடப்பவர் இறங்கும் நீரில் தொடங்கி வற்றத்துக்குள் கடந்துவிட வேண்டும். நெதர்லாந்தின் வாடன் கடலில் தீவுகளுக்குச் சேற்றில் நடந்து போவது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே நீண்ட நடைகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம்.

“எங்கள் கரையில் ஏற்றவற்றமே பெரிதாக இல்லையே” என்று கேட்பார்கள். உண்மைதான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை, குஜராத்தின் காம்பே (கம்பாத்) வளைகுடாவில் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும் கடல், சென்னையில் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். அப்படிப்பட்ட கரைகளில் அட்டவணையோடு அலைப் பெருக்கத்தையும் பார்க்க வேண்டும். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலைகள், இங்கே காற்றும் மேகமும் இல்லாத நாளில் திடீரென்று கரையில் ஏறும். கேரள மீனவர்கள் இதைக் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். அந்தச் சொல்லை இன்று உலகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதற்கு முன்னெச்சரிக்கை தருவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்னும் இந்தியக் கடல்சார் தகவல் நிறுவனம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தது, அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான்.

கரையில் நின்று கண்டுபிடிக்க எளிய வழி: அடுத்தடுத்து பதினோரு அலை முகடுகள் உடையும் நேரத்தைக் கடிகாரத்தில் எடுத்துப் பத்தால் வகுக்க வேண்டும். ஏழெட்டு நொடி என்றால் உள்ளூர்க் காற்றின் அலை. பதினைந்து நொடிக்கு மேல் என்றால் தொலைவிலிருந்து வந்தது. பார்க்கச் சிறிதாக இருந்தாலும் மணலில் வெகுதூரம் ஏறும். பாறையில் இறங்கும் முன் பத்து நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும், பெரிய அலைகள் கூட்டமாக இடைவெளி விட்டுத்தான் வரும். பாறை எதுவரை ஈரமாக இருக்கிறதோ அதுவரை அலை வரும் என்பது எந்த மொழியிலும் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் எச்சரிக்கைப் பலகை. அட்டவணையில் இல்லாத நேரத்தில் கடல் விறுவிறுவென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, கட்டுரைகள் தொட்டும் தொடாமலும் விட்ட வரலாறு. கடலோரத்தில் வரலாறு கோட்டைச் சுவரில் மட்டும் இல்லை, வற்றத்தில் மட்டும் திறக்கும் நிலவறையிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருகே 1749-ல் கரை தட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஆம்ஸ்டர்டாம்’ கப்பல் இன்னும் மணலில் இருக்கிறது. மிக ஆழமாக வற்றும் நாட்களில் அதன் மரச்சட்டங்கள் வரிசையாகத் தலைகாட்டும். சாதாரண நாளில் போனால் வெறும் கடல். வேல்ஸின் போர்த் கடற்கரையில் சில ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய காட்டின் அடிமரங்கள் அதே போல வற்றத்தில் தெரிகின்றன. தைவானின் பெங்ஹு தீவுகளைச் சுற்றி மீன் பிடிக்கக் கட்டிய கல் அணைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஏற்றத்தில் மீன் உள்ளே வரும், வற்றத்தில் மாட்டிக்கொள்ளும். அட்டவணையையே வலையாக மாற்றிய மூளை அது.

சில சான்றுகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் ஹேஸ்பரோ என்னும் ஊரில் 2013 மே மாதம் புயல் மணலை அரித்தபோது மனிதக் காலடித் தடங்கள் தெரிந்தன. வயது சுமார் எட்டு லட்சம் ஆண்டோ அதற்கு மேலோ என்று கணித்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அறியப்பட்டவற்றில் அவையே மிகப் பழையவை. இரண்டு வாரத்துக்குள் அலை அழித்துவிட்டது. படமெடுத்து முப்பரிமாணமாகப் பதிவு செய்ததால்தான் இன்று பேசுகிறோம். ஆகவே அசாதாரணமாக ஏதாவது தெரிந்தால் தோண்டக்கூடாது, எடுத்துப்போகக்கூடாது. பக்கத்தில் அளவுக்காக ஒரு பேனாவோ நாணயமோ வைத்து நேர் மேலிருந்து ஒன்று, பின்னணி தெரியப் பக்கவாட்டில் ஒன்று என்று படமெடுத்து, கைப்பேசியில் இடக்குறியீட்டைச் சேமித்து, அன்றே தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஏற்றம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும்.

பாதையின் வளைவுகூட ஆவணம்தான். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை 1,014 கிலோமீட்டர். ஒவ்வொரு சிறு குடாவுக்குள்ளும் இறங்கி ஏறுவதால் மொத்தம் ஏற வேண்டிய உயரம் சுமார் 35,000 மீட்டர், எவரெஸ்டைப் போல நான்கு மடங்கு. நடப்பவர்கள் இதைச் சபிப்பார்கள். ஆனால் அது நடைப்பயணிகளுக்காகப் போட்ட பாதையல்ல, கள்ளக்கடத்தலைக் கண்காணித்த காவலர்கள் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்க்க நடந்து நடந்து உண்டான தடம். பிரான்சின் பிரித்தானி கரையில் சுமார் 2,000 கிலோமீட்டர் ஓடும் பாதையைச் சுங்கக்காரர் பாதை என்றே அழைக்கிறார்கள். குறுக்குவழி இருந்தும் பாதை முனையைச் சுற்றிப் போகிறது என்றால் ஒரு காலத்தில் அங்கிருந்து எதையோ யாரோ காவல் காத்திருக்கிறார்கள்.

கரை நகர்ந்ததைக் காட்ட இன்னொரு சாட்சி கலங்கரை விளக்கம். 1999 என்ற ஒரே ஆண்டில் இங்கிலாந்தின் பெல் டூட் கலங்கரை விளக்கத்தைப் பாறைவிளிம்பிலிருந்து 17 மீட்டர் உள்ளே இழுத்தார்கள், அமெரிக்காவின் ஹேட்டரஸ் முனைக் கலங்கரை விளக்கத்தைச் சுமார் 880 மீட்டர் நகர்த்தினார்கள். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620-ல் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள், பக்கத்திலேயே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருப்பதையும் நின்று பார்க்கலாம். கட்டியவர்கள் கடலுக்குள் கட்டியிருக்க மாட்டார்கள். அன்றைய கரை எங்கே இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை.

காட்டுயிர்களுக்கு வருவோம். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகள் வற்றத்தில் சேற்றுவெளி முழுதும் பரவி மேயும். அப்போது போனால் தொலைநோக்கியிலும் புள்ளிகள்தான். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கரை மேட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். நீரே பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பார்த்துக்கொண்டால் மூக்கின் வளைவுவரை தெரியும். உச்ச ஏற்றத்தில் அவை ஒரு திட்டில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். அந்தத் திட்டுக்குள் நடந்து போவதைவிடப் பெரிய கேடு இல்லை. 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் நிற்காமல் பறந்த பட்டைவால் மூக்கன் பிறந்து சுமார் ஐந்து மாதமே ஆன குஞ்சு. அத்தகைய பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பை நாம் ஒவ்வொரு தடவை எழுப்பி விரட்டும்போதும் கரைக்கிறோம். ஒரு பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால் நிற்க வேண்டும், இரண்டு மூன்று நடக்கத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும். பறந்துவிட்டால் நாம் தோற்றுவிட்டோம்.

இனப்பெருக்கக் காலத்தில் விதி தலைகீழாகும். உப்புக்கொத்தியும் சிற்றாலா என்னும் சிறு கடற்பறவையும் அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டுக்கு மேலே, வெறும் மணலில் சிறு குழியில் முட்டையிடும். முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். அதனால் கோட்டுக்குக் கீழே ஈர மணலில்தான் நடக்க வேண்டும். சிறகு ஒடிந்தது போலத் தத்தி ஒரு பறவை நம் முன்னே இழுத்துக்கொண்டு போனால் இரக்கப்பட்டுத் தொடரக்கூடாது. கூடு பக்கத்தில் இருக்கிறது, வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். நாயைக் கூட்டிவருகிறவர்கள் கயிற்றைக் கழற்றவே கூடாது.

சோழமண்டலக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் ஏறும். ஒரு கூட்டில் நூற்றுக்கு மேல் முட்டை, பொரிக்க 45 முதல் 60 நாள். மணலில் டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியது போல் தடம் தெரிந்தால் அதன்மேல் நடந்து கலைக்காதீர்கள். இரவு ரோந்து வரும் தன்னார்வலர்கள் அந்தத் தடத்தைப் படித்துத்தான் கூட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். வெள்ளை டார்ச், கைப்பேசி வெளிச்சம், பிளாஷ் மூன்றும் வேண்டாம். தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டுச் சாலை விளக்கை நோக்கி ஊரும். குளிர்க்கடல்களில் சீல் குட்டி தனியாகக் கிடந்தால் அநாதை என்று நினைத்துக் கடலுக்குள் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வெள்ளை ரோமம் உதிராத குட்டிக்குக் கரைதான் இடம், தாய் திரும்பி வரும்.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. காய்ந்த பொதபொத மணலில் கெட்டித் தரையைப் போல இரு மடங்கு உழைப்பு. 10 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் 20 என்று எடுத்துக்கொள்ளலாம். கரை ஒரு பக்கம் சரிந்தே இருப்பதால் ஒரே திசையில் வெகுதூரம் நடந்தால் கடலோரக் காலின் கணுக்காலும் இடுப்பும் வலிக்கும், போன வழியே திரும்பினால் பாரம் மாறிவிடும். எதிர்காற்றில் தொடங்கினால் களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். பாறைவிளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் உள்ளே நிற்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் புல்தரையாகத் தெரிவது அடியில் குடைந்து வெறும் கூரையாக இருக்கலாம். மழை விட்ட மறுநாள் பாறைக்கு அடியிலும் போக வேண்டாம். புதைமணலில் கால் மாட்டினால் நின்றபடி இழுக்கக் கூடாது. பையைக் கழற்றிவிட்டுப் பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி நீர் உள்ளே போக விட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த கட்டுரையிலிருந்து ஒரு சிறு கட்டம் சேருங்கள். அந்தந்த வாரத்து நேரங்களைப் போட்டால் வெட்டி வைத்து அடுத்த மாதம் பயன்படுத்துகிறவர் ஏமாந்துபோவார். அதனால் எந்தத் துறைமுகத்தின் அட்டவணையைப் பார்க்க வேண்டும், அந்த நேரத்தோடு எத்தனை நிமிடம் கூட்டவோ கழிக்கவோ வேண்டும், வற்றத்துக்கு எவ்வளவு முன்பு கிளம்ப வேண்டும், நடுவில் மேலே ஏற வழி எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறது, எந்த மாதங்களில் கூடுகளுக்காக ஒதுங்க வேண்டும் என்ற ஐந்து வரிகள் போதும். மூன்றாம் கட்டுரையில் வந்த படத்தில் பாறைக்கு அடியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் தலைக்கு மேலே பாறையில் ஈரக்கோடு தெரிகிறது. மறுபதிப்பில் அந்தப் படத்தையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோர நடை வழிகாட்டிகள் சிலர்